டப்பா பார்ட்டிக்கு அடித்த அழைப்பிதழ்

2024 செப்டம்பரில் ஒரு நாள் காலை காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் டப்பர்வேர் கம்பெனி கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறது என்று ஒரு செய்தி. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்தப் பச்சை டப்பாவுக்கு மூடி இனிமே கிடைக்காதா?" என்பதுதான் முதல் கேள்வி. மூடி தொலைந்து ஆறு வருஷம் ஆகிறது. டப்பா மட்டும் உளுந்தோடு அலமாரியில் இருக்கிறது, மேலே ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தபடி.

எனக்கு மூடி நினைவு வரவில்லை, அழைப்பிதழ்தான் வந்தது. மதுரையில் 33 வருஷம் அச்சுத் தொழிலில் கிடந்தவன் நான் என்பது இங்கே வழக்கமாக வந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்திருக்கிறேன். ஆனால் டப்பா விற்பதற்கு வீட்டில் நடத்தும் பார்ட்டிக்கு அழைப்பிதழ் அடித்தது தனி அனுபவம். அதைச் சொல்வதற்கு முன், இந்த மாதிரி அழைப்பிதழ் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன்.

அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபுல்லர் என்பவர் 1906-இல் பிரஷ் செய்து விற்கத் தொடங்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டும் ஃபுல்லர் பிரஷ் ஆட்கள் அந்த நாட்டில் பெரிய பிரபலம். நம் ஊரில் ஊதுபத்தி, சலவைப் பவுடர் கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நாம் உள்ளே இருந்தபடியே "வேண்டாம்ப்பா" என்று சொல்வதுபோல அங்கேயும் சலித்துப்போனார்கள். வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்று ஒரு சின்ன ரயில்வே ஊர். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ரயில்வேக்காரர்களின் தூக்கத்தை இந்த விற்பனைக்காரர்கள் கெடுக்கிறார்கள் என்று புகார். 1931-இல் அந்த ஊர் ஒரு சட்டமே போட்டுவிட்டது: வீட்டுக்காரர் அழைக்காமல் விற்பதற்காக எவரும் கதவைத் தட்டக் கூடாது. ஃபுல்லர் கம்பெனி வழக்குப் போட்டுப் பார்த்தது. 1933-இல் ஊர்தான் ஜெயித்தது. பிறகு பல ஊர்கள் அதே மாதிரி சட்டம் போட்டன. இன்றைக்கும் அந்த வகைச் சட்டத்துக்கு அங்கே கிரீன் ரிவர் சட்டம் என்றுதான் பெயர். 1951-இல் உச்ச நீதிமன்றமும், லூசியானாவின் அலெக்ஸாண்ட்ரியா ஊரின் இதே மாதிரிச் சட்டத்தைச் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அழைக்காமல் வரக் கூடாது என்றால் அழைக்க வைத்துவிட வேண்டியதுதான். கிரீன் ரிவர் சட்டம் வந்த அதே 1931-இல், ஃபுல்லர் கம்பெனியில் இருந்து வெளியே வந்த ஃபிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட்ஃபீல்டில் ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். துடைப்பம், பிரஷ், பாலிஷ் வியாபாரம். நாளடைவில் அவர்களுடைய விற்பனை முறை இப்படி ஆனது: ஒரு வீட்டு அம்மா தன் அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைப்பார். காபி, கேக், கொஞ்சம் விளையாட்டு. நடுவில் கம்பெனியின் விற்பனைப் பெண் பொருளைக் காட்டிச் செய்முறை விளக்கம் தருவார். விற்றதற்குத் தகுந்தபடி அழைத்த அம்மாவுக்கு ஒரு பரிசு. கதவைத் தட்டுகிற வேலையே கிடையாது. பத்து வீட்டுப் பெண்கள் தாமாக ஒரு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வரவழைப்பது ஒரு சின்ன அட்டை.

இந்த முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது டப்பர்வேர். ஏர்ல் டப்பர் என்பவர் பாலிதீனில் கிண்ணம் செய்து 1946-இல் விற்பனைக்கு விட்டார். காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்கமாக மூடும் மூடிதான் அதில் விசேஷம். பெரிய கடைகளில் அடுக்கி வைத்தும் போகவில்லை. மூடியை எப்படி அழுத்துவது என்று யாராவது செய்து காட்டினால்தானே புரியும்? டெட்ராய்ட் பக்கம் பிரௌனி வைஸ் என்று ஒரு பெண், விவாகரத்து ஆனவர், ஒரு மகன், ஸ்டான்லி கம்பெனிக்கு வீட்டுப் பார்ட்டி நடத்தி விற்றுக்கொண்டிருந்தார். அவர் இந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். உள்ளே தண்ணீரை ஊற்றி, மூடியை அழுத்தி, அறைக்கு நடுவே தூக்கி எறிந்து காட்டுவாராம். கடையில் இதை யார் செய்ய விடுவார்கள்? 1951-இல் டப்பர் தன் சரக்கைக் கடைகளில் இருந்தே எடுத்துவிட்டு, வீட்டுப் பார்ட்டியில் மட்டும் விற்பது என்று முடிவு செய்து பிரௌனி வைஸைத் துணைத் தலைவர் ஆக்கினார். 1954 ஏப்ரலில் பிஸினஸ் வீக் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. அந்தப் பத்திரிகை அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான்.

இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பார்ட்டிக்கு இருபது, முப்பது அழைப்பிதழ் போதும். அச்சுத் தொழிலில் முப்பது காப்பி என்பது தலைவலி. எழுத்துக் கோர்த்து, ஃப்ரேமில் இறுக்கி, ட்ரெடிலில் ஏற்றி, மை ஓட்டி, அழுத்தம் சரிபார்த்து, புரூஃப் எடுத்துத் திருத்தி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு முப்பது அடிக்க ஐந்து நிமிஷம். முன்னூறு அடித்தாலும் முன்வேலை அதே ஒரு மணி நேரம்தான். ஒரு வீட்டு அம்மாவுக்கென்று தனியாக அடித்தால் கட்டுப்படி ஆகாது. அதனால் இந்த வியாபாரத்தில் புழங்கிய கார்டுகள் இரண்டு வேலையாகப் பிரிந்தன. படம், வாசகம் எல்லாம் கலரில் மொத்தமாக அடித்து, நாலு இடத்தில் மட்டும் புள்ளிக்கோடு விட்டுவிடுவது: கிழமை, நேரம், இடம், அழைப்பவர் பெயர். அந்தப் புள்ளிக்கோட்டை அழைக்கிறவர் பேனாவால் நிரப்பிக்கொள்வார். கொஞ்சம் வசதியான விற்பனைப் பெண்கள் உள்ளூர் அச்சகத்தில் கொடுத்துத் தங்கள் பெயரையும் டெலிபோன் நம்பரையும் மூலையில் ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ரப்பர் ஸ்டாம்ப்.

இது நமக்குப் புதிதல்ல. சிவகாசியில் பிள்ளையார், பூ, மேளம், நாதஸ்வரம் எல்லாம் போட்டு உள்ளே வெறுமையாக விட்ட கார்டுகளை லட்சக்கணக்கில் அடித்து ஊர் ஊராக அனுப்புவார்கள். மதுரைக் கார்டுக் கடையில் மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தைப் புரட்டி நம்பர் சொல்வார்கள். நாங்கள் உள்ளே பெயர் ஏற்றிக் கொடுப்போம். வித்தியாசம் எழுத்தின் அளவில் இருக்கிறது. பொதுவாக வியாபார நோட்டீஸில் கம்பெனி பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். வீட்டுப் பார்ட்டி கார்டிலோ கம்பெனியே காசு போட்டு அடித்தாலும் கண்ணில் படுவது 'வாருங்கள்' என்ற சொல்லும் பேனாவால் எழுதிய ஒரு பெயரும்தான். அந்தக் கையெழுத்துக்காகத்தான் ஆள் வரும். அஞ்சல் செலவும் குறைவு. 1951 கடைசி வரை அமெரிக்காவில் போஸ்ட் கார்டு ஒரு சென்ட், 1952 ஜனவரி முதல் இரண்டு சென்ட். இருபது பேரை அழைக்க நாற்பது சென்ட். நம் 15 பைசா கார்டுக் காலம் நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. தோழி கைப்பட எழுதி அழைத்தால் போகாமல் இருக்க முடியாது. போய்க் காபி குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வரவும் முடியாது. அந்தக் கூச்சம்தான் இந்த வியாபாரத்தின் முதல். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதே அட்டை வேறொன்றையும் செய்தது. அந்த நாள் அமெரிக்க வழக்கப்படி கல்யாணமான பெண்ணை மரியாதையாகக் குறிப்பிடுவது என்றால் திருமதி என்று போட்டுக் கணவன் பெயரை முழுசாக எழுதுவார்கள். 1922-இல் எமிலி போஸ்ட் எழுதிய நாகரிகப் புத்தகமும் அதைத்தான் சொன்னது. நம்மைவிட ஒரு படி மேல், நம் கல்யாணப் பத்திரிகையிலாவது கணவர் பெயருக்குப் பிறகு அம்மா பெயர் வரும். அக்கம்பக்கத்துக்குப் போகும் பார்ட்டி கார்டில் அந்தச் சம்பிரதாயம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த தன் சொந்தப் பெயரை எழுதலாம். ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதுகிற வாய்ப்பு எத்தனை பேருக்கு அதற்கு முன் கிடைத்திருக்கும்?

பிரௌனி வைஸ் கதையும் பெயர் விஷயத்தில்தான் முடிகிறது. 1957-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'பெஸ்ட் விஷஸ், பிரௌனி வைஸ்', கடிதத்தின் அடியில் போடும் கையெழுத்து மாதிரி. கம்பெனி என்றாலே மக்களுக்கு அவர் முகம்தான் என்று ஆகிவிட்டது. டப்பருக்கு அது பிடிக்கவில்லை. 1958 ஜனவரியில் அவரை வெளியே அனுப்பினார்கள். கையில் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம். அதே வருஷம் டப்பர் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ரெக்ஸால் நிறுவனத்துக்கு விற்றார். கம்பெனி தன் கதையைச் சொன்ன இடங்களில் ரொம்ப காலம் அந்த அம்மாவின் பெயரே இல்லை. 1992-இல் இறந்தார். லட்சக்கணக்கான பெண்கள் புள்ளிக்கோட்டில் பெயர் எழுதக் காரணமாக இருந்தவர்.

டப்பர்வேர் இந்தியாவுக்கு 1996-இல் வந்தது. அதைத் தொடர்ந்து அதே பாணியில் டப்பா, பாத்திரம், முகப்பூச்சு என்று வேறு பலரும் வந்தார்கள். 1998-இல் என் அச்சகத்துக்கு எஸ்.எஸ். காலனியில் இருந்து ஓர் அம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. கையில் ஓர் ஆங்கிலக் கார்டு, கலர் படம், நாலு புள்ளிக்கோடு.

"அண்ணே, இதுல பேனாவால எழுதிக் குடுத்தா விக்க வந்தவ மாதிரி இருக்கு. நம்ம பத்திரிகை மாதிரி தமிழ்ல அடிச்சுக் குடுங்க. நாப்பது போதும்."

நாற்பதுக்கு நானூறின் கூலி ஆகும் என்று விளக்கினேன். சரி என்றார். சாதா வெள்ளைக் கார்டு, ஒரு பக்கம், மயில்நீல மை. வாசகம் எழுத உட்கார்ந்தோம். 'சமையலறைப் பொருட்கள் விற்பனை' என்று நான் எழுதியதை உடனே அடித்தார். "விற்பனைன்னு போட்டா யாருண்ணே வருவா?" எனக்கு அது பொய் மாதிரி பட்டது. கொஞ்ச நேரம் வாதாடி, 'செய்முறை விளக்கம்' என்று மேலேயும், 'வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை' என்று கீழே 10 பாயின்ட் எழுத்திலும் போடுவதென்று முடிவானது. நாள் வியாழக்கிழமை. நேரம் பிற்பகல் 3.15. ராகு காலம் 3 மணிக்கு முடிகிறது அல்லவா!

மறுநாள் புரூஃப் பார்க்க வந்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே என் கைப்பழக்கத்தில் திரு என்று கணவர் பெயரைக் கோர்த்து, பக்கத்தில் திருமதி என்று அவர் பெயரைக் கோர்த்திருந்தேன். பென்சிலை வாங்கிக் கணவர் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"வீடு ஐயா பேர்லதானேம்மா இருக்கு?" என்றேன்.

"விலாசத்துல போடுங்கண்ணே. மேற்பார்வைன்னு போட்டு அவர் பேர் வரட்டும். கூப்பிடறது நான்தானே."

அப்படியே அடித்தேன். 18 பாயின்ட் எழுத்தில் அவர் பெயர் மட்டும் தனியாக நின்றது. கட்டை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே ஓர் அட்டையை உருவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் இப்பத்தான்ணே என் பேர் அச்சுல வருது" என்றார். அதிலும் அப்பா பெயருக்குப் பின்னால் குமாரத்தி என்றுதான் வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அவர் கணவர் வந்தார். சத்தம் போடவில்லை. ரொம்ப மரியாதையாகவே கேட்டார்: "முதலாளி, நான் உயிரோட இருக்கேன்ல? தெருவுல என்ன நினைப்பாங்க?" தன் பெயரையும் சேர்த்து இன்னொரு நாற்பது அடிக்கச் சொல்லிப் பணத்தை மேஜையில் வைத்தார். கோர்த்த எழுத்து பிரிக்காமல் அப்படியே இருந்தது. பத்து நிமிஷ வேலை. அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கையை இழக்க வேண்டாம் என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். காசுக்காகச் செய்த வேலைகளில் உறுத்துகிறவை சில உண்டு. இது சின்னதுதான், ஆனாலும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்கு எந்த அட்டை வரும் என்று காத்திருந்தேன். வந்தது முதல் அட்டைதான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அவருடைய மாமியார் தடவினாராம், அச்சடித்த பத்திரிகை மங்கலம் இல்லாமல் வீடு வீடாகப் போகக் கூடாது என்று. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மஞ்சள் தடவிய அழைப்பிதழ் அமெரிக்காவில் எவர் கண்டிருப்பார்! கூடவே குங்குமச் சிமிழோடு, கொலுவுக்கு அழைக்கிற மாதிரி நேரில் வந்து கூப்பிட்டிருக்கிறார். என் மனைவி போய்விட்டு வந்தாள். இருபத்தி இரண்டு பேர் வந்திருந்தார்களாம். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. திரும்பி வரும்போது கையில் அந்தப் பச்சை டப்பா. கட்டாயம் இல்லை என்று நான் கோர்த்த 10 பாயின்ட் வரியைக் காட்டினேன். "அவ அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டிருக்கா, வெறுங்கையோட எந்திரிக்கவா முடியும்?" என்றாள்.

இரண்டாவது கட்டு என்ன ஆயிற்று என்பது பின்னால் தெரிந்தது. என்னிடம் வேறு வேலைக்கு வந்தபோது கணக்குச் சீட்டை எடுத்துக் காட்டினார். யார் எவ்வளவு பாக்கி என்று அந்த அட்டைகளின் பின்பக்கத்தில்தான் எழுதி வைத்திருந்தார்.

அதன் பிறகு தொழில் மாறிய வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 1984-லேயே பிரின்ட் ஷாப் என்று ஒரு மென்பொருள் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரும் தங்கள் பெயரைப் போட்டுக் கார்டு எடுத்துக்கொள்ள முடிந்தது. 1995-இல் ராபர்ட் கீன் என்பவர் தொடங்கிய விஸ்டாபிரின்ட், பல பேருடைய சின்ன ஆர்டர்களை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து வெட்டுகிற வித்தையால் நூறு கார்டையும் மலிவாக்கியது. என்னைத் திணற அடித்த நாற்பது காப்பிக் கணக்கு அதில் காணாமல் போனது. அந்த அம்மா என்னிடம் வந்த அதே 1998-இல் அங்கே இவைட் என்று இணையத்திலேயே அழைப்பு அனுப்பும் தளம் வந்துவிட்டது. இங்கே இப்போது எல்லாம் வாட்ஸ்அப்தான். என் ட்ரெடிலை 2006-இல் எடைக்குப் போட்டேன்.

அதற்கு முன், 2001-இல், அந்த அம்மா மறுபடி வந்தார். இப்போது அவரே விற்பனைக்காரர். அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். பழைய வாசகத்தையே 500 அடிக்கச் சொன்னார், 'கட்டாயம் இல்லை' வரி உட்பட. கிழமை, நேரம், இடம், அழைப்பவர் நாலும் காலியாக வேண்டும். "பேனாவால எழுதினா விக்க வந்தவ மாதிரி இருக்கும்னு சொன்னீங்களேம்மா?" என்றேன். சிரித்தார். கார்டுக்குப் பத்துப் பேர் கைமாறுமே, ஒவ்வொருத்தர் பெயரையும் அச்சில் ஏற்ற முடியுமா என்றார். நியாயம்தான்.

'நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே வழக்கமான மூன்று அங்குலப் புள்ளி ரூலை வைத்துப் புரூஃப் காட்டினேன். அதற்கு மேலே திரு, திருமதி இரண்டும் கோர்த்திருக்கிறேனா என்று முதலில் பார்த்தார். இல்லை. கற்றுக்கொண்டிருந்தேன். பிறகு புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கோட்டை இன்னும் நீளமாப் போடுங்கண்ணே. சில பேருக்கு எழுதிப் பழக்கம் இருக்காது. கோணல்மாணலா எழுதினாலும் முழுப்பேருக்கும் எடம் வேணும்."

இரண்டு ரூலைச் சேர்த்து, கார்டின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை வைத்தேன். சேர்த்த இடத்தில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. 500 அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.